பின்பக்கத்து அறை

மெல்பேர்னின் வடக்குப் புறநகரொன்றில் நாங்கள் வாங்கியது பழைய மரப்பலகை வீடு. இங்கே வெதர்போர்ட் என்பார்கள். கிடையாக அடித்த ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழுள்ள பலகையின் மேல்விளிம்பை மூடி நிற்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். முன்னால் சிறு விறாந்தை.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தபோது ஓர் அறையும் படியில்லாத குளியலறையும் தேவைப்பட்டன. எங்கள் தெரு மரபுரிமைப் பாதுகாப்புக்கு உட்பட்டது. முகப்பில் கைவைக்கக் கூடாது, புதிய பகுதி தெருவுக்குத் தெரியாமல் பின்னால் அமைய வேண்டும் என்றது நகரசபை.

அதையும் பழையது போலவே கட்டிவிடலாம் என்றேன். அதே பலகை, அதே யன்னல், அதே நிறம். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். கட்டடக் கலைஞர் உடன்படவில்லை. ஆஸ்திரேலிய மரபுரிமைப் பணிகளுக்கு வழிகாட்டும் பர்ரா சாசனத்தைக் காட்டினார். 1979இல் ஏற்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட ஆவணம் அது. புதிய வேலை பழையதை மதிக்க வேண்டும். ஆனால் புதியது என்று பார்த்தவுடன் தெரியவும் வேண்டும் என்கிறது.

அந்த வரி என்னைச் சுட்டது. வேலையிடத்தில் என் பெயரைப் பாதியாக வெட்டி, உச்சரிப்பை மாற்றி, இருபது வருடங்களாக நான் அடித்துவந்ததும் போலிப் பலகைதானே? மற்றவரை மதிக்க அவராகவே வேடமிடத் தேவையில்லை என்பதை ஒரு வீடு எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே பழைய பின்சுவரை அப்படியே விட்டு, ஒரு கண்ணாடி நடையால் புதிய அறையை இணைத்தோம். வெளியே இருந்த பலகைகள் இப்போது வீட்டுக்குள் இருக்கின்றன. எது எப்போது வந்தது என்று குழந்தைக்கும் தெரியும்.

அறையைப் பார்த்த அம்மா கேட்டார்: "எனக்குப் பின்பக்கமோ தம்பி?"

என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. வேறாகத் தெரிய வேண்டும் என்பதும் தெருவுக்குத் தெரியக் கூடாது என்பதும் ஒன்றல்ல. முதலாவது நேர்மை. இரண்டாவது, அயலாரின் நினைவுக்கு நான் கொடுக்கும் விலை. வீட்டுக்காக அதைக் கொடுக்கிறேன். மனிதருக்கு அந்த விதியைப் பொருத்த மாட்டேன். இங்கே ‘மூலம்’ என்று காக்கப்படும் முகப்பும் வுருண்ட்ஜெரி மக்களின் நிலத்தில் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

இப்போது மாலையானால் அம்மா தேத்தண்ணியோடு கண்ணாடி நடையைக் கடந்து முன்விறாந்தைக்கு வந்து இருக்கிறார். தெருவில் போகிறவர்கள் கை காட்டுகிறார்கள். அதற்கு நகரசபையின் அனுமதி தேவைப்படவில்லை.