நோயாளியின் மூச்சும் திருவைந்தெழுத்தும்



உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல் போல, உயிரும் இருளைச் சாரின் இருளாயும் ஒளியைச் சாரின் ஒளியாயும் நிற்கும். இதனை நாற்பதாண்டுகளாகப் பலர்க்குப் பாடஞ் சொல்லியிருக்கின்றேம். எனினும், ஒரு நோயாளியின் கட்டிலருகே அஃது எவ்வாறு பயன்படும் என்பதைச் சென்ற ஆண்டிற்றான் கற்றேம். அதனையே ஈண்டு விண்ணப்பிக்கப் புகுகின்றேம்.

எம் தமக்கையார் மகளுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவை முடிந்தபின், கீமோதெரபி என்னும் மருந்தேற்றம் 21 நாட்களுக்கு ஒருமுறையாகத் தொடங்கிற்று. இம்மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பன. புற்றணு அத்தகையது, மயிர்க்கால், வாயின் உட்புறம், குடலின் உட்புறம், குருதியை ஆக்கும் எலும்பு மச்சை ஆகியவற்றின் அணுக்களும் அத்தகையனவே. ஆகலின், பகைவன்மேல் எறிந்த வேல் அருகிருந்த சுற்றத்தாரையும் புண்படுத்துமாறு போல, முடியுதிர்தலும் வாய்ப்புண்ணும் குமட்டலும் அயர்வும் உடனிகழ்கின்றன. மூன்றாம் முறைக்குப் பின், மருத்துவமனை வாயிலை மிதித்து அவ்விடத்து மணத்தை நுகர்ந்த மாத்திரையே அவளுக்குக் குமட்டத் தொடங்கிற்று. மருந்து ஏறுமுன்னரே இவ்வாறாதல் பலர்க்கு நிகழ்வதாம். முன்னர்ப் பட்ட துன்பத்தை நெஞ்சு மறவாது உடம்புக்கு அறிவித்தலான் வருவது அது.

காணச் சென்ற அன்று, பிராரத்தம் நுகர்ந்தே கழிக்கற்பாலது என யாம் விரித்துரைக்கத் தொடங்கினேம். சிறிது கேட்டிருந்த அவள், "மாமா, வினையைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு இந்தக் குமட்டல் அடங்க ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்றாள். யாம் விடையின்றி நின்றேம்.

அவ்வேளை வந்த செவிலியர் ஒருவர், அவளைச் சாய்ந்தமர்த்தி, ஒரு கையை வயிற்றின்மேல் வைக்கச் செய்து, நான்கு எண்ணுமளவு மூக்கால் மெல்ல மூச்சை வாங்கி, ஆறு எண்ணுமளவு மெல்ல விடுமாறு சொல்லிக்கொடுத்தார். மூச்சு உள்ளே வருதலையும் வெளியே போதலையும் கவனித்தலன்றி வேறொன்றுஞ் செய்யற்க என்றார். பத்து நிமிடத்தில் குமட்டல் அறவே நீங்கிற்றென்று கூறமாட்டேம். அதன்மேற் படர்ந்திருந்த அச்சம் தணிந்தது. ஒரு குவளை கஞ்சி பருகினாள்.

யாமோ மீண்டும் பிழைத்தேம். "இது நம்முடைய பூரக இரேசகமே, கும்பகமுங் கூட்டிக்கொள்க" என்றேம். "வேண்டாம் ஐயா, இரத்தம் குறைந்திருக்கிறது; மூச்சை அடக்கினால் தலை சுற்றும்" என்று செவிலியர் தடுத்தார். அவர் கூற்றே நேரிது. திருமூலநாயனார் மூன்றாந் தந்திரத்தே வகுத்த பிராணாயாமம், இயமம் நியமம் ஆதனம் என்பவற்றின்பின் குருவின்பாற் பயிலற்பாலதாகிய யோகவுறுப்பு. சமாதியை நோக்கிச் செல்வது. நோயாளி வேண்டுவது அந்நெடுவழி அன்று. அன்றிரவு உறங்குதற்கு ஒரு துணையே.

மூச்சை வாங்குங்கால் இதயத்துடிப்புச் சிறிது விரைதலும், விடுங்கால் சிறிது தணிதலும் இயல்பு. ஆகவே, விடுமூச்சை நீட்டுதல் உடம்பை அமைதியின்பால் திருப்புவதாகும். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த சிற்றாய்வொன்று, மருந்தேற்றம் பெறுவோர்க்குப் பிராணாயாமம் பயிற்றிப் பார்த்தது. மிகுதியும் பயின்றோர்க்கு உறக்கக்குறைவும் மனக்கலக்கமும் தணிந்தன. பங்கேற்றோர் இருபதின்மருக்குங் குறைவாதலின், அதனைக் கொண்டு பெரிதும் பேசுதல் தகாது. 2023-இல் புற்றுநோய் மருத்துவர் கழகங்கள் வகுத்த நெறிமுறையோ, புற்றுநோயாளரின் மனக்கலக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் விழிப்புநிலைத் தியானப் பயிற்சிகளைப் பரிந்துரைக்கின்றது. இவற்றுள் ஒன்றேனும் மூச்சாற் புற்றுக் கரையும் என்று கூறிற்றில்லை. அவ்வாறு மேடையிற் கூறுவார் சொற்கேட்டு மருந்தை விடுதல், கரை காணுமுன் தோணியை விடுதலாம்.

அற்றேல், வினையான் வந்த நோயை நுகர்ந்து கழிப்பதன்றோ முறை, தணிக்க முயல்வது என்னையெனின், கூறுதும். திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் "உங்கள் வினை, பொறுத்திருங்கள்" என்று அருளிற்றிலர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடி நோயைத் தீர்த்தருளினார். சூலையால் வருந்திய மருணீக்கியாரைத் திலகவதியார் திருநீறளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றாரேயன்றி, சமயம் மாறியதன் பயன் இதுவென்று இடித்துரைத்திலர். வினையைக் கூட்டுவிப்பவன் இறைவனாயின், அதனைத் தணிக்கும் மருந்தையும் மருத்துவரையும் செவிலியர் கையையும் கூட்டுவிப்பவனும் அவனே. வினைக்கொள்கை தன் நோயைத் தான் நோக்குதற்குரிய கண்ணாடி. பிறர் நோய்மேல் எறிதற்குரிய கல்லன்று.

இனி எம்மாற் சேர்க்கப்பட்டது ஒன்றுண்டு. எண்ணுதல் பள்ளிக் கணக்குப்போல் இருக்கிறதென்று அவள் சொல்ல, வெளிவிடும் மூச்சில் "சிவாயநம" என்னும் ஐந்தெழுத்தையும் எழுத்தெழுத்தாய் மனத்துள் எண்ணுக என்றேம். வலியையே சார்ந்து வலியாய்க் கிடந்த உயிர், அத்துணைப் பொழுதேனும் திருவைந்தெழுத்தைச் சார்ந்து நின்றது. யாம் பாடஞ் சொல்லிய பளிங்கை அன்றுதான் கண்ணாற் கண்டேம்.

இதனைக் கைக்கொள்வார் சில எச்சரிக்கைகளை மறவாதிருத்தல் வேண்டும். முதற்கண் மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. மூச்சை அடக்குதலும், கபாலபாதி முதலிய விரைந்த பயிற்சிகளும் வேண்டா. தலை சுற்றினும் மூச்சு முட்டினும் உடனே நிறுத்துக. குமட்டலுக்கென்று கொடுத்த மாத்திரையைத் தவறாது உண்க. மருந்தேற்ற நாட்களில் காய்ச்சல் 100.4 பாகையை எட்டின், திருநீறிட்டு அமர்ந்திராது அப்பொழுதே மருத்துவமனை சேர்க. வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் அஃது உயிர்க்கு இறுதியாகலாம்.

மருந்தேற்றம் முடிந்து சில திங்களாயின. அண்மையில், "மாமா, அன்றைக்கு வினையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீர்களே" என்று அவளே கேட்டாள். இருவரும் நெடுநேரம் பேசினேம். கேட்கும் பக்குவம் வந்தபின் சொல்லும் பொருள் எளிதிற் சென்று பற்றிற்று. ஆகலின், மடங்களிலிருந்து நோயாளரைக் காணச் செல்லும் அன்பர்காள்! முதலில் அருகமர்மின், அவர்தம் மூச்சோடு நும் மூச்சும் அமைதியுறுக, கேட்டபின் சொல்லுமின். உயிர்களின் பக்குவம் நோக்கி அருளும் பெருமான் திருவுள்ளத்திற்கு அதுவே உவப்பாம்.

திருச்சிற்றம்பலம்.