சிறைப்பட்டவனும் நமது தராசும்

சிறைப்பட்ட ஒருவனுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? அவன் போராடிய காரணம் நியாயமானது என்பதாலா? அவன் நம்மவன் என்பதாலா? அன்றி, அவன் கட்டுண்டு பிறர் கைக்குள் கிடக்கும் மனிதன் என்ற ஒரே காரணத்தாலா? இவ்வினாவிற்கு விடை எளிது என்றே பலரும் எண்ணுவர். ஆயின், நம் அன்பிற்குரியவர் சிறைக்காவலராகவும், நமக்கு அயலானவர் கைதியாகவும் இருக்கும்போதுதான் அந்த விடை சோதனைக்கு உள்ளாகிறது.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். அரபு மொழியில் போர்க் கைதியை 'அஸீர்' என்பர். ஆளைக் கட்டுவதற்குரிய தோல்வாருக்கு 'இஸார்' என்று பெயர். அவ்வேரில் பிறந்த சொல்லே அஸீர். தமிழில் நாம் வழங்கும் 'கைதி' என்ற சொல்லும், விலங்கு எனப் பொருள்படும் 'கைத்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததே. இரண்டும் 'கட்டுண்டவன்' என்று மட்டுமே கூறுகின்றன. குற்றவாளி என்றோ, பகைவன் என்றோ அவை கூறவில்லை. அவன் செய்தது என்ன என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். அவன் கட்டுண்டிருக்கிறான் என்பதே நம்மீது ஒரு கடமையைச் சுமத்தப் போதுமானது.

மார்க்கத்தின் நிலையும் இதுவே. திருமறையின் 76ஆம் அத்தியாயம் நல்லடியார்களின் இலக்கணத்தைக் கூறுமிடத்தில், ஏழையையும் அநாதையையும் கைதியையும் ஒரே வரிசையில் வைத்து, அவர்களுக்கு உணவளிப்பதைப் புகழ்கிறது. அந்நாளைய கைதி இறைமறுப்பாளனான பகைவனே என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். ஹிஜ்ரி 2இல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்டோருக்கு, பேரீச்சம்பழத்தைத் தாம் உண்டு, அரிதாகக் கிடைத்த ரொட்டியை அளித்தனர் ஸஹாபாக்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றனர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்ஸூர் அளித்த நீதிபதிப் பதவியை மறுத்தமைக்காகப் பக்தாதில் சிறை புகுந்தார்கள். ஹிஜ்ரி 150இல், அதாவது கி.பி. 767இல், அச்சிறையிலேயே மறைந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கூற்று. அவர்களுடைய மாணவரான இமாம் அபூயூஸுஃப், அதே மன்ஸூரின் பேரரான ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் சிறைவாசிகளின் உரிமைகளை வகுத்துரைத்தார். கைதிக்குரிய உணவுப்பணம் மாதந்தோறும் அவன் கையிலேயே தரப்பட வேண்டும். இடையிலுள்ளோர் வழியாக ரொட்டியாகத் தந்தால் காவலர் கவர்ந்துகொள்வர். கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற ஆடை தரப்பட வேண்டும். கைதிகள் சங்கிலியுடன் வீதியில் பிச்சையெடுக்க விடப்படலாகாது. வழக்குகளை ஆராயாமல் கிடப்பில் போடுவதாலேயே சிறைகள் நிரம்புகின்றன. இவை யாவும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசரின் முகத்திற்கு நேரே எடுத்துரைக்கப்பட்டவை.

இத்தராசை இப்போது நம் ஊர்ப்பக்கத்து வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் சிற்றூராயினும் பெரும்போர்களைக் கண்ட மண். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடம் என்று செப்பேடு கூறுவதும் இவ்வூரையே. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்ததும் இங்கேதான். ஆங்கில அதிகாரிகள் 86 பேரில் 36 பேர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அவ்வெற்றி இன்றும் ஓவியமாக விளங்குகிறது.

அந்த ஓவியத்தில் இடம்பெறாத ஒரு பகுதி உண்டு. பிடிபட்டோர் ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே இறந்தார். இளைஞரும் சிறுவருமான கைதிகள் சிலருக்கு விருப்பத்திற்கு மாறாகச் சுன்னத்துச் செய்யப்பட்டதாகச் சிறை மீண்டோர் எழுதி வைத்துள்ளனர். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டபோது பெரும்பாலோர் விடுதலை பெற்றனர். நிறுத்தி வைக்கப்பட்டோரும் உண்டு. ஆங்கிலேயர் தம் படையெடுப்புகளுக்கு நியாயம் கற்பிக்க இக்கதைகளைப் பெருக்கினர் என்பது உண்மையே. எனினும் பெருக்கியதைக் கழித்த பின்னரும் மிஞ்சுவது சிறிதன்று. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்ற நெறியை ஏற்ற நாம், திப்பு சுல்தானின் வீரத்தைப் போற்றுகிற அதே நாவால், அச்செயல் முறையற்றது என்று சொல்வதே நீதி. அதனால் அவருடைய வீரம் குறைந்துபோய்விடாது. நம் சொல்லின் மதிப்பு உயரும்.

அச்சிறையில் வாடியவர்களுள் ஒருவர் டேவிட் பெயர்டு. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டையைத் தாக்கிய படைக்கு அவரே தலைமை தாங்கினார். தம்மை அடைத்து வைத்திருந்த நகரில், தம்மை அடைத்தவரின் புதல்வர்கள் அவர்முன் நின்றனர். அவர் அவர்களை அன்போடு நடத்தி, உயிருக்கு அச்சமில்லை என்று உறுதி கூறினார். பகைவரிடத்தில் காணப்பட்டாலும் நற்பண்பு நற்பண்பே.

பின்னர் அப்புதல்வர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு மாளிகை இருந்தது, படித்தொகை இருந்தது, பணியாளர் இருந்தனர். கோட்டை வாயிலைக் கடக்கும் உரிமை மட்டும் இல்லை. விலங்கு இரும்பாலானதாயினும் பொன்னாலானதாயினும் 'கைத்' என்பது ஒன்றே. 1806 ஜூலை 10ஆம் நாள், தாடி, நெற்றிக்குறி, தலைப்பாகை பற்றிய கட்டளைகளால் மனம் கொதித்த சிப்பாய்கள் அக்கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். எழுச்சி அடக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன்பின் திப்புவின் குடும்பத்தார் தொலைதூரக் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர். தந்தையின் பெயருக்காகப் பிள்ளைகள் சுமந்த சிறை அது. இதையும் அநீதி என்றே அதே தராசு காட்டுகிறது.

இனி நம் காலத்திற்கு வருவோம். துருக்கி, ஈரான், இராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் குர்து மக்களில் பெரும்பாலோர் ஸுன்னத் வல் ஜமாஅத்தினர். அவர்களுள்ளும் மிகுதியானோர், தமிழகக் கடற்கரை மக்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்டு, மீட்புப்பணம் தர இயலாத எளியோர் பலரை விடுவித்த ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அக்குலத்தவரே. அம்மக்களின் வரலாறு இன்று பெரிதும் சிறைகளின் வரலாறாக இருக்கிறது. 1980இல் துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், தியார்பக்கிர் சிறையில் தாய்மொழியில் பேசுவதே குற்றமாயிற்று. பார்க்க வந்த தாய்க்குத் துருக்கி மொழி தெரியாவிட்டால் மகனோடு ஒரு சொல் பேசவும் வழியில்லை. லைலா ஸானா என்ற பெண்மணி 1991இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, உறுதிமொழியின் முடிவில் இரு மக்களின் சகோதரத்துவத்தைப் பற்றிக் குர்து மொழியில் ஒரு வாக்கியம் கூறினார். 1994இல் கைதான அவர், ஆயுத இயக்கத்தோடு தொடர்புடையவர் என்ற குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டு, 2004இல்தான் வெளிவந்தார். இராக்கில் 1988இல் பல்லாயிரம் குர்து மக்களைக் கிராமம் கிராமமாகப் பிடித்துச் சென்று கொன்ற படையெடுப்பிற்கு, ஸத்தாம் ஹுஸைனின் அரசு 'அன்ஃபால்' என்று பெயர் சூட்டியது. கைதிகளிடம் நற்சொல் கூறும்படி நபிகளாரை (ஸல்) ஏவிய அத்தியாயத்தின் பெயரல்லவா அது! இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறென்ன இருக்கிறது?

"குர்துகளுள் ஆயுதமேந்தியோரும் இருந்தனர்; நிரபராதிகளும் அவர்களால் மாண்டனர். அரசு கைகட்டி நிற்க வேண்டுமா?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. 1984இல் துருக்கியில் தொடங்கிய அப்போரில் ஏறத்தாழ 40,000 உயிர்கள் போயின. அதை நடத்திய இயக்கம் 2025இல் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. கொலை செய்தவனை விசாரித்துத் தண்டிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் கிளர்ச்சியாளருக்கும் மார்க்கம் வரம்பு விதித்துள்ளது. ஜமல் போருக்குப் பின் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள், தப்பியோடுவோரைத் துரத்தலாகாது, காயமுற்றோரைக் கொல்லலாகாது என்று ஆணையிட்டார்கள். கிளர்ச்சியாளர் பற்றிய சட்டத்தை நம் இமாம்கள் அதனை ஒட்டியே வகுத்தனர். ஆயுதம் ஏந்தியவனுக்கே இவ்வளவு உரிமை என்றால், தாய்மொழியில் ஒரு வாக்கியம் பேசியவரின் உரிமை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபலஸ்தீனக் கைதிகளுக்காக நாம் கையேந்தித் துஆச் செய்கிறோம், அது கடமை. நம் நாட்டுச் சிறைகளில் 2022இல் நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகளே. அவர்களுள் நம் சமுதாயத்து இளைஞரும் உண்டு. அவர்களுக்காகக் குரல் கொடுப்பதும் கடமை. ஆனால் சிறையின் சாவி முஸ்லிம் அரசரின் கையில் இருக்கும்போது நம் நா அடங்குமானால், நாம் கேட்பது நீதியன்று, சலுகையே என்று உலகம் முடிவு கட்டிவிடும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்றும், நமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்றும் திருமறை நமக்குக் கற்பித்திருக்கிறது.

எனவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளலூர் வெற்றியைப் பெருமையோடு சொல்லிக் கொடுங்கள். அதனோடு, அங்கே பிடிபட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு அவர்கள் கையில் ஒரு சாவி வருமானால், அதனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.