கடனும் அடியும்

தகாஷி மீகேயின் 'ஸுகியாகி வெஸ்டர்ன் ஜாங்கோ' (2007) இத்தாலிய கௌபாய் படங்களுக்குச் செய்த அஞ்சலி என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். 'அஞ்சலி' என்ற சொல் விமர்சனத்தில் கேள்விகளை நிறுத்துவதற்கே அதிகம் பயன்படுகிறது. எடுத்தவன் எடுத்ததை ஒப்புக்கொண்டுவிட்டான், இனி என்ன பேச்சு என்ற தொனி அதில் இருக்கிறது. எனக்கு அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கடன் தீர்ந்துவிடுகிறதா?

கடனின் வரலாறு நீண்டது. அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ'வில் (1961), இரண்டு கும்பல்கள் நாசமாக்கிக்கொண்டிருக்கும் ஊருக்கு எஜமானன் இல்லாத ஸாமுராய் ஒருவன் வருகிறான். இரண்டு பக்கமும் விலை பேசி, ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்கிறான். செர்ஜியோ லியோனே இதை மெக்ஸிகோ எல்லைக்குப் பெயர்த்து 1964ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். அனுமதி பெறவில்லை. ஜப்பானிய டோஹோ நிறுவனம் வழக்குக்குப் போயிற்று. லியோனே பதினெட்டாம் நூற்றாண்டு நாடகாசிரியர் கோல்டோனியின் 'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்' என்ற நாடகத்தைக் காட்டினார். டாஷியல் ஹாம்மெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) நாவலைக் காட்டுகிறவர்களும் உண்டு. கடைசியில், உலக வசூலில் 15 சதவீதம், ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளின் விநியோக உரிமை என்று சமரசமாயிற்று. 1966ல் செர்ஜியோ கோர்புச்சி அதே இரண்டு கும்பல்களுக்கு நடுவில், சவப்பெட்டியை இழுத்து வரும் ஜாங்கோவை நிறுத்தினார். நாற்பது வருஷம் கழித்து மீகே அந்த ஜாங்கோவை ஜப்பானுக்கே திருப்பிக் கொண்டுவருகிறார்.

சட்டம் கதையின் எலும்புக்கூட்டை எடைபோட்டது. 15 சதவீதம் அதன் விலை. அதைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தால் எடைபோடக்கூடியது அதுதான். ஆனால் எலும்புக்கூடு குரோசவாவுக்கும் முழுக்கச் சொந்தமில்லை. அவரே ஜான் ஃபோர்டின் படங்களை ஆராதித்தவர். வழிநூல் என்ற வகையை அங்கீகரித்த இலக்கண மரபில் வந்த நமக்கு, முன்னவனிடமிருந்து எடுப்பதே குற்றமென்ற எண்ணம் கொஞ்சம் அந்நியமானது. எடுத்தவன் எதைச் சுமக்கிறான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

'யோஜிம்போ'வில் ஒரு கட்டம். ஒரு பெண்ணைச் சூதுக் கடனுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கணவனும் குழந்தையும் வெளியே தவிக்கிறார்கள். அதுவரை எல்லாவற்றையும் கணக்குப் போட்டே செய்தவன், கணக்கில்லாமல் அவளை விடுவித்துக் கையிலிருந்த பணத்தையும் கொடுத்து அனுப்புகிறான். அதனாலேயே பிடிபடுகிறான், முகம் வீங்கி, தவழ்ந்து தப்பிக்கும் அளவுக்கு அடி வாங்குகிறான். படத்தின் தார்மீக மையம் இந்த அடி. இரக்கம் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதைத் தன் உடம்பால் அறிகிறவன் அவன். லியோனே இந்தக் கட்டத்தையும் எடுத்தார். அடியையும் சேர்த்து எடுத்தார். அவரைத் திருடன் என்று சொல்ல என் நாக்கு தயங்குவது இதனால்தான். கோர்புச்சியிடம் அடி இரக்கத்துக்காக விழவில்லை, தங்கத்தைத் திருடியதற்காக விழுகிறது. ஆனாலும் விழுகிறது. நொறுக்கப்பட்ட கைகளோடு, ஒரு கல்லறைச் சிலுவையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துத்தான் ஜாங்கோ கடைசியாகச் சுடுகிறான்.

மீகே எதையும் மறைப்பதில்லை. 1185ல் தான்னோஊரா கடற்போரில் முடிந்த ஹெய்கே-கென்ஜி பகையைச் சிவப்பு, வெள்ளைக் கும்பல்களாக்கி, நெவாடா என்று பெயரிட்ட ஒரு கிராமத்தில் இறக்கிவிடுகிறார். ஹெய்கே தலைவன் ஷேக்ஸ்பியரைப் படித்துவிட்டுத் தன்னை ஹென்றி என்று கூப்பிடச் சொல்கிறான். க்வென்டின் டாரன்டினோவே ஒரு பாத்திரமாக வருகிறார். ஜப்பானிய நடிகர்கள் எல்லோரும் தங்களுக்கு வசப்படாத ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இரவல் குரலில் பேசுவது இத்தாலியப் படங்களின் பழக்கம். அங்கே டப்பிங் அதை மூடியது, இங்கே காதில் உறுத்துகிறது. இந்த உறுத்தலை நான் நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். படம் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இது என்னுடையதல்ல' என்கிறது.

ஆனால் அடி? ஷிஸுகா என்ற தாய் சாகிறாள். தகப்பன் கொல்லப்பட்டதைக் கண்ட சிறுவன் ஹெய்ஹாச்சி பேச்சிழந்து போகிறான். சாவுக்குப் பஞ்சமில்லை. எனினும் பார்க்கிற நமக்கு ஒரு சாவுகூட முதல்முறையாக நேர்வதில்லை. சவப்பெட்டியும் எந்திரத் துப்பாக்கியும் ஜாங்கோவிலிருந்து; பனியும் ஊமைத்தனமும் கோர்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) படத்தை நினைவூட்டுகின்றன. எங்கிருந்து வந்தது என்று கண்டுகொண்ட சந்தோஷம் வலியை முந்திக்கொள்கிறது. இத்தனை படங்களுக்குப் பிறகு அறியாதவன்போல வலியைக் காட்டுவது பாசாங்கு, விளையாட்டே யோக்கியமான வழி என்று பதில் சொல்லலாம். பலமான பதில்தான். ஆனால் அறிந்தவன் என்பதற்கும் ஒரு விலை வேண்டாமா? கடன் பட்டியலை உரக்கப் படிப்பவன், படிப்பதாலேயே கடனற்றவனாகிவிடுகிறான் என்ற சௌகரியம் இந்தப் படத்தில் இருக்கிறது. எழுதுகிற நம்மிடமும் இருக்கிறது. காஃப்காவின் பெயரையோ காம்யுவின் பெயரையோ கவிதைக்கு மேலே போட்டுவிட்டால், அவர்கள் பட்டதில் ஒரு துளியும் படாமல் தப்பித்துவிடலாம் என்று நாமும் நம்புகிறோம்.

படம் முடியும்போது ஒரு செய்தி எழுத்தில் வருகிறது: சிறுவன் ஹெய்ஹாச்சி பிற்பாடு இத்தாலி போய் ஜாங்கோ என்று பெயர் பெற்றானாம். கடன்காரன் கடன் கொடுத்தவனுக்குத் தகப்பனாகிற வேடிக்கை. அரங்கில் சிரிப்பு எழக்கூடிய இடம். தாய் தகப்பனை இழந்த ஒரு பையனைத்தான் அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்குச் சிரிப்பு அடங்கிய பிறகே உறைத்தது. அந்தப் பையனை எதிர்கொள்ள மீகேக்கு இன்னொரு படம் வேண்டியிருந்திருக்கும். அதில் எடுத்தாள ஒன்றும் இருந்திருக்காது.