கேளாமல் வந்த விரதம்

கும்பகோணம் பக்கம் திருவைகாவூரில், புலிக்குப் பயந்து வில்வமரம் ஏறிய வேடன் தூக்கம் வராமலிருக்க இலை பறித்துப் போட்டான். கீழே லிங்கம் இருந்தது அவனுக்குத் தெரியாது. அறியாமல் விரதம்போல் விழித்தவனுக்கும் அருள் கிடைத்தது என்கிறது தலபுராணம்.

மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனைக்காக, வலிப்பு வரும் என் மகளை விழிக்க வைத்த இரவில் அந்தக் கதை என்னை உறுத்தியது. வேடனை விரட்டியது புலி. இவளை விரட்டியது நான். எண்ணெய் போகத் தலைக்குக் குளிப்பாட்டி, திண்ணையில் பல்லாங்குழி ஆடினோம். புளியங்கொட்டை கையிலிருக்கும்போதே தலை சாயும். ஈரத்துண்டால் முகம் துடைப்பேன். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றாள்.

வலிப்பைச் சாமி குத்தம் என்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். மனித மூளையின் மின்துடிப்பை 1924இல் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்தார். தூக்கம் கெட்ட பிள்ளை கண் அசரும்போது வலிப்பின் அலைகள் வெளிப்பட வாய்ப்பு கூடுதல். அதற்காகத்தான் இந்த விழிப்பு. பரிசோதனையில் தலையில் ஒட்டும் கம்பிகள் மின்சாரம் பாய்ச்சுவதில்லை.

பிள்ளை கேட்காத விரதத்தை அதன்மேல் சுமத்தலாமா? பலன் அவளுக்கே என்றால் சுமத்தலாம். அந்தப் பாவபுண்ணியக் கணக்கு பெற்றவளுடையது. பெற்றோர்களே, முறைவைத்து விழியுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். "நீ தப்பே பண்ணலை" என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.