பிழையும் பிழை காண்பாரும்

பிறர் எழுதியதைப் படிக்கும்போது ஒருமுறையேனும் சினம் கொள்ளாத தமிழாசிரியர் அரியர். ஒருவருக்கு வேண்டாத இடத்தில் ஒற்று மிகுந்தால் பொறுக்காது. மற்றொருவருக்கு ஒரே வாக்கியத்தின் முடிவில் மூன்று வியப்புக்குறிகள் வரிசையாக நின்றால் பொறுக்காது. ‘முயற்சித்தான்’ என்னும் சொல்லைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடுவாரும், ‘ஒரு ஊர்’ என்று எழுதியவரின் கல்வியையே ஐயுறுவாரும் உளர். இச்சினம் மொழிப்பற்றின் விளைவா, தன்முனைப்பின் மற்றொரு வடிவமா என்பது ஆராய்தற்குரியது.

பிழை பிழையே என்பதில் ஐயமில்லை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது; ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்தது. ‘வேலை கொடு’ என்பவன் பணி கேட்கின்றான். ‘வேலைக் கொடு’ என்பவன் படைக்கலம் கேட்கின்றான். ‘ஐயா, வீட்டில் இல்லை’ என்னும்போது ஐயாவிடம் யாரோ விடை கூறுகின்றனர். காற்புள்ளியை நீக்கினால் வீட்டில் இல்லாதவர் ஐயாவே ஆகிவிடுகின்றார். ஒரு புள்ளியும் ஒரு கோடும் பொருளை இவ்வாறு புரட்டிவிடுகின்றன.

‘பொருள் புரிந்தால் போதாதா?’ என்று கேட்பவர் பலர். பொருள் எப்படிப் புரிந்தது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. எழுதியவன் ஒருமுறை திருப்பிப் படித்திருந்தால் தீர்ந்திருக்கும் குழப்பத்தைப் படிப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்க்க வேண்டியதாகின்றது. தன் உழைப்பைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுப் போவது ஒழுக்கம் ஆகாது. ஆகவே, நிறுத்தக்குறி இடுதல் இலக்கணக் கடமை மட்டுமன்று. படிப்பவர்க்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

ஆயினும், சினத்தை எழுப்புவன எல்லாம் பிழைகளா? ‘வாழ்த்துகள்’ என்பதே சரி என்று வாதிடுவோர் ஒருபுறமும் ‘வாழ்த்துக்கள்’ என்பதும் பொருந்தும் என்போர் மறுபுறமும் நெடுங்காலமாக நிற்கின்றனர். இரு பக்கத்திலும் இலக்கணம் கற்றோர் உண்டு. எழுத்து வடிவமும் மாறியுள்ளது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்பு வழங்கிய துதிக்கை போன்ற வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் மாற்றியது. சிங்கப்பூர் 1983இல் புதிய வடிவங்களை ஏற்றது. பழைய முறையில் பயின்ற முதியவர் பின்னரும் பழையவாறே எழுதினார் என்றால் அவர் பிழை செய்தவர் ஆவாரோ? பொருளைக் கெடுப்பது வேறு. கருத்து வேறுபாட்டுக்கு உரியது வேறு. ஒருவர் தம் விருப்பத்துக்கு ஒவ்வாதது வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சினத்தைச் செலவிடுவோர் தம் விருப்பத்துக்கே இலக்கணம் என்று பெயர் சூட்டுகின்றனர்.

இவ்விடத்தில் ஓலைச்சுவடிகளை நினைத்தல் தகும். எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் ஏடு எழுதியோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமல் விட்டனர். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் சுவடிகளில் தெளிவாகத் தெரிவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. இன்று வழங்கும் நிறுத்தக்குறிகளோ ஐரோப்பியர் தொடர்பாலும் அச்சுக்கலையாலும் வந்தவை. போதாக்குறைக்கு, படி எடுத்தவர் கைப்பிழைகளும் சேர்ந்தன. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், இத்தகைய சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடம் தெளிந்தார். பிழைபட எழுதிய அக்கைகள் எழுதாமலே இருந்திருந்தால், திருத்துவதற்கும் ஒன்றும் எஞ்சியிருக்காது.

மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளர் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அத்தகையனவே. கைப்பழக்கம் குறைந்தவர் எழுதிய கடிதத்தில் ரகரமும் றகரமும் இடம் மாறியிருக்கும். முற்றுப்புள்ளியைத் தேடித்தான் காண வேண்டும். எனினும், பிள்ளை பிறந்த செய்தியும் பணம் அனுப்பிய செய்தியும் கடல் கடந்து உரியவரிடம் சேர்ந்தன. அவற்றைப் படித்துக் கண்ணீர் விட்ட தாய் ஒற்றுப்பிழையை எண்ணியிருக்க மாட்டாள்.

இதனால் திருத்துதல் வேண்டா என்பது பொருளன்று. திருத்தும் முறையே கேள்விக்குரியது. பிழை செய்தவனிடம் கூறுதல் உதவி. அவன் இல்லாத இடத்தில் அதை எடுத்துக்காட்டி நகைத்தல் புறங்கூறல். புறங்கூறாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் என்பதைக் கற்பிப்பவரே, ஆசிரியர் அறையில் மாணவனின் கட்டுரையை உரக்கப் படித்துச் சிரிப்பது முரண் அல்லவா?

பக்கம் முழுவதும் சிவப்பு மையைக் கண்ட மாணவன் அடுத்த முறை பிழையின்றி எழுதுவான் என்று எதிர்பார்த்தல் வீண். அவன் குறைவாக எழுதுவான். தெரிந்த சொற்களை மட்டும் எழுதுவான். பள்ளியை விட்டபின் தமிழில் எழுதுவதையே கைவிட்டாலும் வியப்பில்லை. எழுதுவோர் குறைந்த மொழிக்குப் பிழையற்ற இலக்கணம் மட்டும் இருந்து என்ன பயன்? தமிழ் வழங்கும் களம் சுருங்கிய நாடுகளில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

எனவே, நல்லாசிரியர் முதலில் மாணவன் என்ன சொல்ல வந்தான் என்பதைப் படித்து, அதற்கு ஒரு வரி விடை எழுதுவார். அடுத்துப் பொருளைக் கெடுக்கும் பிழைகளில் இரண்டு மூன்றைச் சுட்டி, அவை ஏன் பிழை என்பதையும் விளக்குவார். எஞ்சியவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்திருப்பார். தமக்குப் பிடிக்காத சொல்லைக் கண்டால், அது பிழைதானா என்று அகராதியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பார். மாணவனும் தன் பங்குக்கு, எழுதியதை ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவன். இவ்விருவரும் தத்தம் கடமையைச் செய்யுமிடத்தில் சினத்துக்கு வேலை இராது.