'லைன்' என்னுஞ் சொல்லும் நம் லயமும்

ஆங்கில மொழியிலே 'லைன்' என்பது மிகச் சிறியதொரு சொல். ஆயினும் அகராதியைத் திறந்து நோக்குவார்க்கு அது பத்தி பத்தியாக விரிந்துகொண்டே போகும். ஆளி நாருக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரினின்று பிறந்த அச்சொல், ஆதியில் நூலையும் கயிற்றையுமே குறித்தது. நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. கோட்டின்மேல் எழுத்து நின்றால் பாட்டின் அடி. படை நின்றால் அணி. இருப்புப் பாதைக்கும் அதுவே பெயர். தொலைபேசிக் கம்பிக்கும் அதுவே பெயர். கப்பல் கம்பெனியும் 'லைன்'. குடும்பத்தின் வழிவழி மரபும் 'லைன்'. ஒருவன் செய்யுந் தொழிலும் 'லைன்'. முதுமை முகத்தில் இடுகின்ற சுருக்கத்தையும் அச்சொல் விட்டுவைக்கவில்லை. மாலுமிகளோ பூமத்திய ரேகையையே வெறுமனே 'லைன்' என்பர். அக்கணக்கில் நம் மலாக்கா அதற்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகைத் தொலைவில் உள்ளது.

இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டெனச் சிலர் மார்தட்டக்கூடும். அது வீண் பெருமை. நம் 'வரி' என்னுஞ் சொல் கோட்டையும் குறிக்கும், எழுத்தின் அடியையும் குறிக்கும், வேங்கையின் உடற் கோட்டையும் குறிக்கும், அரசாங்கம் தண்டும் இறையையும் குறிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்வது எம்மொழியாளர்க்கும் இயல்பு. ஆதலின் நாம் இங்கு ஆராயப் புகுந்தது இலக்கணமன்று. பல பொருளுடைய ஒரு சொல், மனிதர் குடியிருக்கும் இடத்தின்மேல் ஏற்றப்படும்போது, அதன் பொருளை உறுதி செய்பவர் யார்? பெயரிட்டவரா, அப்பெயருக்குள் வாழ்ந்தவரா? இதுவே நம் கேள்வி.

பட்டாளத்துச் சிப்பாய்கள் வரிசையாகக் குடியிருந்த குடிசைகளை ஆங்கிலேயர் 'லைன்' என்றனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்புக்கு அதே பெயர் வழங்கிற்று. விடியுமுன் பெயர் கொடுக்க நிற்பதாகிய 'பெரட்டு' என்பதும் 'பரேடு' என்னும் பட்டாளச் சொல்லின் திரிபென்பர்.

மலாயாவில் வாணிக நோக்குடன் ரப்பர் முதன்முதல் நடப்பட்டது நம் மலாக்காவிலேயே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி துரையின் தூண்டுதலால், தான் சே யான் என்னுஞ் சீனப் பெருமகனார் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் அதனை நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. காட்டை அழித்துக் கயிறு பிடித்து, முளையடித்து, நேர் நிரையாக மரங்களை நட்டனர். அம்மரங்களில் பால் எடுக்க வந்த மனிதரையும் அதே கயிற்றின் நேரிலே குடிவைத்தனர். ஒரே கூரை, ஒரே அளவு, சுவருக்குச் சுவர் ஒட்டிய அறைகள். மேட்டிலிருந்து நோக்கும் துரையின் கண்ணுக்கு இரண்டும் நிரைகளே. மரத்துக்கு எண்ணுண்டு, அறைக்கும் எண்ணுண்டு.

நிற்க. அச்சொல்லை நம் மக்கள் என் செய்தனர் என்பதைக் காண்போம். 'லைன்' என்பது 'லயன்' ஆயிற்று. 'லயன்' என்பது 'லயம்' ஆயிற்று. மரம், குணம், மனம் என்பவற்றைப்போல மகர ஈறு பெற்றுத் தமிழ்ப் பெயராகவே அமர்ந்துவிட்டது. இவ்வாறு திரிந்து சென்ற இடத்தில் முன்னமே வேறொரு லயம் இருந்தது: இசையிலே தாளத்தின் ஒழுங்கு அது, ஒன்றில் ஒன்று தோய்ந்து கரைவதும் அதுவே. குதிரை கட்டும் 'லாயம்' ஒரு கால் தள்ளியே நிற்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை! லாயத்துக்கும் லயத்துக்கும் தொலைவு அதிகமில்லையென்று கசப்புடன் கூறுவோர் உளர். ஆனால் லயத்தில் வாழ்ந்தோர் அப்படிக் கருதவில்லை. மேட்டு லயம் என்றும் ஆற்றோர லயம் என்றும் பெயரிட்டனர். வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தனர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயம் முழுதும் அடுப்பு மூட்டாதிருந்தனர். துரை போட்டது கோடு. அதன்மேல் தெருவை உண்டாக்கியவர் அவரே.

'கூலி' என்னுஞ் சொல்லின் கதை இதற்கு நேர்மாறானது. நமக்கு அது வேலைக்குப் பெறும் ஊதியம். ஆங்கிலத்திலும் மலாயிலும் அது வேலை செய்யும் ஆளாகவே மாறிவிட்டது. அதனைத் தமிழ்ச் சொல்லென்பாரும், குஜராத்துக் கோலி மக்களின் பெயரென்பாரும் உளர். எதுவாயினும், மனிதனை அவன் பெறும் காசின் பெயரால் விளித்தது இழிவு. அச்சொல்லை நீக்கத் தொழிற் சங்கத்தாரும் சீர்திருத்தக்காரரும் போராடியது முற்றும் நியாயம். ஆயின் 'லயம்' என்பதையும் அவ்வாறே நாவினின்று துடைத்தெறிய வேண்டுமென்று இன்று சிலர் கூறுவது நமக்கு உடன்பாடன்று. இழிவு இருந்தது ஒழுகும் கூரையிலும் ஒட்டிய சுவரிலும். மக்கள் தாமே திருத்திக்கொண்ட சொல்லில் அன்று.

அதற்காக லயத்தைச் சுவர்க்கமாக்கிப் பாடவும் நாம் ஒருப்படோம். எல்லாரையும் ஒரே நிரையில் நிறுத்திய துரையின் கயிறு ஒரு நன்மையைத் தற்செயலாகச் செய்திருக்கக்கூடும். அதனையும் நாமே கெடுத்தோம். சில தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனி லயம், மற்றையோர்க்குத் தனி லயம் எனப் பிரிவினை நடந்தது. கடல் கடந்து வந்தும் சேரியைச் சுமந்து வந்த பெருமை நம்முடையது! 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது சாதியையே முதன்மையாகச் சாடியதில் வியப்பென்ன?

தமிழில் 'வரிசை' என்றொரு சொல் உண்டு. அடுக்கி நிற்பதும் வரிசை. ஒருவர் தகுதிக்கேற்பச் செய்யும் சிறப்பும் வரிசை. புறநானூற்றிலே கபிலர், மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, கொடுப்பது எளிது, வருவோரின் தகுதியை அறிவதே அரிது, ஆதலின் எல்லாரையும் ஒருபடித்தாய்ப் பார்க்கும் பார்வையை ஒழித்துவிடு என்கிறார். உரிமையிலே அனைவரும் ஒருபடித்தாதல் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் முகத்தையும் பெயரையும் காணாத பொதுப் பார்வை சமத்துவமாகாது. அது மரத்தை எண்ணும் பார்வை. நிரையில் நிறுத்தத் தெரிந்த தோட்டம், வரிசை அறியத் தெரியாததாக இருந்தது.

இன்று ஜாசின், அலோர் காஜா பக்கங்களில் ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. பழைய லயங்கள் பல இடிந்தன. நம் மக்களில் பெரும்பாலோர் நகரத்துக்கு வந்துவிட்டனர். தொழிலாளர் குடியிருப்புக்குரிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 முதல் தோட்டத்துக்கு வெளியேயுள்ள தொழில்களுக்கும் விரிந்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'தொழிலாளர்' என்பது 'ஊழியர்' என மாறிற்று. பெயர் மாற்றம் எளிது. அறைக்குள் எத்தனை பேர் என்பதை அல்லவா எண்ண வேண்டும்?

அவ்வறைகளில் இன்று இருப்போர் இந்தோனேசியர், நேபாளியர், வங்காளதேசத்தார். வங்காளதேசத்தானை நம்மவர் பெயர் கேளாமலே 'பங்ளா' என்கின்றனர். மேட்டிலிருந்த துரையின் 'பங்களா'வும் வங்காளத்து வீடென்னும் பொருளில் அதே வேரிற் பிறந்த சொல்லே. அவ்வீட்டை நம் பாட்டன்மார் எத்தனை பணிவோடு சொன்னார்கள்! அதே வேர்ச்சொல் இன்று நம் வாயில் ஏளனமாக வருகிறது; சொல்லில் மாற்றமில்லை, மேட்டில் நிற்பவர் மட்டும் மாறியிருக்கிறோம். அம்மனிதன் இரவில் தன் தாயிடம் தொலைபேசியில் பேசும்போது, தான் படுத்திருக்கும் அறைக்கு ஏதோவொரு பெயர் சொல்லத்தான் செய்கிறான். அந்தச் சொல் இன்னும் நம் காதுக்கு எட்டவில்லை.