அரசு வறியோர்க்கு அளிப்பது ஈகையோ, கடனோ?

ஒருவன் பிறரிடம் ஒன்றை இரக்குங்கால் வழங்கும் சொற்கள் ஈ, தா, கொடு என மூன்றென்பது தொல்காப்பியத்தாற் பெறப்படும். கேட்கப்படுவோனினும் தாழ்ந்தவன் ‘ஈ’ என்றும், நிகரானவன் ‘தா’ என்றும், மேலானவன் ‘கொடு’ என்றும் கூறுதல் மரபு. இச்சொல் வழக்கினுள் அறவினா ஒன்றும் அடங்கியுள்ளது. வறுமையுற்ற தாயொருத்தி அரசின் முன் நின்று பொருள் வேண்டுங்கால், இம்மூன்றனுள் எதனைச் சொல்லக் கடவள்?

‘ஈ’ என்றே சொல்லல் வேண்டுமென்பார் பலர். உடையார் செலுத்திய வரியை இல்லார்க்குப் பகிர்தலின் அஃது ஈகையே என்பது அவர் கருத்து. அது பொருந்தாது. என்னை? ஈகையாவது தன் பொருளைத் தான் மனமுவந்து வழங்குதல். வரி செலுத்துவோன் சட்டத்திற்கு அடங்கிச் செலுத்துகின்றான். அலுவலரோ தமதல்லாத பொருளை வழங்குகின்றனர். ஆகவே, ஈவோர் எனத் தக்கார் ஈண்டு ஒருவருமிலர். அன்றியும், அவ்வேழைத் தாயும் வரி செலுத்துபவளே. 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, அவள் வாங்கும் சோப்பின் விலையிலும் கலந்து நிற்கின்றது. கருவூலத்தை நிறைப்பாருள் தானும் ஒருத்தியாயிருக்க, அவள் தலைகுனிதல் எற்றுக்கு?

தமிழ்நாட்டில் வழங்கிய பெயர்களே இவ்வேறுபாட்டைப் புலப்படுத்தும். 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கப்பெற்ற முதியோர் தொகை ‘உதவித்தொகை’ எனப்பட்டது. 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்று, குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கிய திட்டமோ ‘உரிமைத்தொகை’ எனப் பெயர் பெற்றது. மனையில் ஊதியமின்றி உழைப்பாரை மதித்தல் அப்பெயரின் கருத்தாம். ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் பெண்டிர் விண்ணப்பிக்க, 1 கோடியே 6 இலட்சத்தினர் தகுதியுடையராகக் கொள்ளப்பட்டனர். விலக்கப்பட்டார்க்குக் காரணம் அறிவிக்கப்பட்டது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழியிருந்தது. இஃது ஊன்றி நோக்கத்தக்கது. ஈகையை மறுத்தோன்மீது முறையீடு செய்வார் இலர். கடனை மறுத்தோன்மீதே முறையீடு உண்டு. ‘ஏன் மறுத்தாய்?’ என வினவும் உரிமையுடையாள் இரவலளாகாள்.

உழையாது பெறும் பொருள் மடியை வளர்க்குமன்றோவெனின், வளர்க்காதென்க. ஆயிரம் ரூபாயைக் கொண்டு ஒரு குடும்பம் தொழிலொழிந்து ஒரு திங்கள் வாழ்தல் இயலாமை யாவரும் அறிவர். 1956-இல் தமிழகப் பள்ளிகளில் விரிந்த மதிய உணவும், 1982-இல் தொடங்கிய சத்துணவும் சிறாரைச் சோம்பராக்கவில்லை. பசியால் வீட்டில் நின்றாரைப் பள்ளிக்கு அழைத்தன. ஊக்கத்தைக் கெடுப்பது சோறன்று, பசியே.

கடனென்று கொள்ளின், அதனால் விளையும் கடமைகளும் உள. ஏழையை நாள்தோறும் வாயிலிற் காக்கவைத்துக் கடிந்துரைக்கும் அலுவலர், பிறர்க்குரிய பொருளைத் தடுத்தோராவர். ஆள்வோர் அதனைத் தம் கொடையெனக் காட்டிப் புகழ் கொள்ளுதலும் தகாது. 2023-இல் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை இலட்சம் ரூபாயென வகுக்கப்பட்டது. அதனின் மிக்கோன் பொய்யுரைத்துப் பெறுவனாயின், அவன் வறியவள் ஒருத்தியின் கலத்திலிருந்தே கவர்ந்தவனாவன். அரசு கடன் தீர்த்தலால் தனிமனிதர் ஈகை ஒழிந்ததெனக் கருதுதலும் பிழை. அரசின் தொகை அரிசிக்கு உதவும்; நோயுற்ற அயலாளின் அருகிருந்து ஆறுதல் கூறுதற்கு உதவாது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின்படி ஆட்சியுரிமைக்கு முதல்வர் மக்களே. அலுவலர் அவர்தம் ஏவலர். ஆகலின், அத்தாய் சொல்லத் தக்க சொல் ‘ஈ’ அன்று, ‘கொடு’ என்பதேயாம். அச்சொல்லை அவள் அச்சமின்றிச் சொல்லும் நாடே அறத்தின் நின்ற நாடெனத் துணிக.